அமாவாசையில் அளந்த பாவடி

ஆனி 10, திங்கள். அமாவாசை.

விடியலிலேயே மேல்காற்று. கொடியில் போட்ட வேட்டி செல்லம்மாள் வீட்டுக் கூரையில்.

இன்று காலை பாவடியில் இருந்தவர்கள்: சர்வே ஐயா ஒருவர் (வெளியூர், குடை, மூக்குக் கண்ணாடி). சங்கிலி பிடிக்க ஆள் இரண்டு. முனிசிபல் ஆபீஸ் சேவகர் ஒருவர். நம் பக்கம் ஊர்ப் பெரியதனக்காரர் அர்த்தநாரி மாமா, இவர்கள் (என் வீட்டுக்காரர்), மேலத் தெருக் குழந்தைவேலு. பெண்கள் தள்ளி நின்றோம்: நான், நங்கை, பக்கத்து வீட்டுச் செல்லம்மாள். பாவடிப் பிள்ளையாரையும் சேர்த்தால் பதினொருவர்.

நேற்றுச் சாயங்காலமே நெசவுத் தெரு இரண்டின் பெண்களும் பாவடியைக் கூட்டி முடித்தோம். பாவு நூல் விரிக்க அடித்த முளைகள் எல்லாம் பிடுங்கி, அதைத் தாங்கும் கவட்டைக் கம்புகள் கட்டி, நம் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் அடுக்கியது. தரையில் வருஷக் கணக்காய்ச் சிந்திக் காய்ந்த பாவுக் கஞ்சியை மண்வெட்டியால் சுரண்டினோம். சாணித் தண்ணீர் தெளித்தோம். நாலு மூலைக்கும் கோலம். பிள்ளையாருக்கு எண்ணெய்க் காப்பு.

நங்கை (இவர்கள் அக்கா. புருஷன் போனபின் நம்மோடுதான்) கிணற்று மேட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணுப் பாக்க வாறாங்கன்னு நெனச்சுப் போட்டீங்களா அம்மிணி" என்றார். செல்லம்மாள் விடவில்லை. "ஒறம்பரை சனம் வாற ஊட்டைக் கூட்டாம வெப்பாங்களாக்கா."

சர்வே ஐயா வந்து நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்த ஊரில் இவ்வளவு சுத்தமாக ஓர் இடத்தை நான் பார்க்கவில்லை." எல்லோருக்கும் வாயெல்லாம் பல். மோர் கொடுத்தோம், இரண்டு டம்ளர் குடித்தார்.

எதற்கு அளக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சர்க்கார் என்றால் அளக்கும். ஊர்ப் படம் போடுவதற்காக இருக்கும் என்றார் பெரியதனம் மாமா.

இவர்களுக்குத்தான் ஆனந்தம். நாள் சொன்னது இவர்கள். போன வாரம் மாமா மல்லசமுத்திரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது சேவகர் வந்து, சங்கிலி இழுக்க இடைஞ்சல் இல்லாத நாளாகக் கேட்டார். இவர்கள் உடனே, "அமாவாசைக்கு வாங்க. அன்னிக்கு ஒருத்தரும் நூலைத் தொட மாட்டமுங்க. பாவடி கண்ணாடியாட்டம் கெடக்கும்."

கிடந்தது.

செலவு வகை: துடைப்பம் இரண்டு தேய்ந்தது. மோர் அரைப்படி. நல்லெண்ணெய் ஓர் உழக்கு. சாணி நம் மாடு.

ஆனி 11, செவ்வாய்.

நம் முறை. அமாவாசைக்கு மறுநாள் பாவடி எப்போதும் நம் வீட்டுக்கு. கோழி கூப்பிட எழுந்து கஞ்சி காய்ச்சினேன். இவர்கள் முளை அடிக்க, நங்கையும் நானும் தறிக்கு ஏறவேண்டிய பாவு நூலை விரித்தோம். பிள்ளையாரிலிருந்து கிணறு வரை. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தேய்த்து இழை பிரிக்கவேண்டும். காற்று விடவில்லை. இரண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டது, நங்கை விரலால் பிரித்தார்.

நேற்றுப் போட்ட கோலம் எல்லாம் மிதிபட்டுப் போயிற்று. பாவமாக இருந்தது. ஒருநாளாவது அப்படியே இருந்திருக்கலாம்.

ஆனி 18, செவ்வாய்.

புளி வாங்கியது. கொட்டை எடுக்காததைத் தலையில் கட்டிவிட்டான்.

கடைவீதியில் ராசிபுரம் பஸ் நடுரோட்டில் நிற்கிறது. பின்னால் வந்த வண்டி மாடு மிரண்டு நாலு பானை உடைந்தது. பானைக்காரியும் டிரைவரும் பேசின பேச்சை எழுத முடியாது. இவற்றுக்கெல்லாம் நிற்க ஓர் இடம் கட்டினால் தேவலை என்று நங்கையிடம் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

ஆனி 27, வியாழன்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இன்று முனிசிபல் கூட்டம். சேவகர் நேற்று ஜாடையாகச் சொன்னதால் மாமா, இவர்கள், குழந்தைவேலு மூவரும் வேடிக்கை பார்க்கிறவர்களோடு பின்னால் போய் நின்றார்கள். நம் வார்டு மெம்பர் ஊரில் இல்லை.

சர்வே ஐயாவின் ரிப்போர்ட்டை முதலில் இங்கிலீஷில் வாசித்தார்களாம். பிறகு குமாஸ்தா தமிழில். மூன்றே வரி. குழந்தைவேலு மனப்பாடமாய்ச் சொன்னான்: கடைவீதியை அடுத்த காலி மனை. எவ்வித உபயோகத்திலும் இல்லை. மிகவும் சுத்தமாக இருக்கிறது.

அங்கே மோட்டார் ஸ்டாண்டு வரப்போகிறது. சுற்றிலும் கடை. கம்பி இழுத்து லைட்டு. மெம்பர்கள் எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

மிகவும் சுத்தமாக இருக்கிறது.

குழந்தைவேலு வெளியே வந்த குமாஸ்தாவைப் பிடித்து, அது இரண்டு தெருவும் பாவு போடுகிற இடம் என்று சொல்லியிருக்கிறான். "அதை அன்னைக்கே ஏன் சொல்லலே?" என்றாராம் அவர். "அதுங்கூடத் தெரியாதவங்க இருப்பாங்களாங்க" என்றானாம் இவன்.

நினைத்துப் பார்க்கிறேன். வாஸ்தவம். நம் பக்கம் ஆறு பேர் நின்றோம். குடிக்க மோர் கொடுத்தோம், உட்கார நாற்காலி போட்டோம். ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை. நங்கை சொன்னார், "அடுப்படிக்கு வந்தவங்க கிட்ட இதுதான் அடுப்புன்னு சொல்லுவமா அம்மிணி."

பாவடி போனால் பாவை எங்கே விரிப்பது? வீட்டுக்குள் முடியுமா, ரோட்டில் முடியுமா. பாவு இல்லாமல் தறியில் என்ன இருக்கிறது. இரண்டு தெருவிலும் எத்தனை தறி.

இவர்கள் சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். சாதம் அப்படியே.

நாலு மூலைக்கும் கோலம் வேறு.

ஆனி 28, வெள்ளி.

காலையில் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கப் போனேன். கால் கட்டைவிரல் எதிலோ மோதிற்று. கல். வெள்ளைச் சுண்ணாம்பு, சிவப்பில் ஒரு நம்பர். பிள்ளையார் முகத்துக்கு நேரே. கிணற்றோரம் ஒன்று, தெற்கே இரண்டு. எப்போது நட்டார்கள், யாரும் பார்க்கவில்லை. நகம் பெயர்ந்து ரத்தம். வலி தெரியவே இல்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில் போனால் அந்தக் கல்லின் தலையில் ஒரு செவ்வந்திப் பூ. யார் வைத்தது என்று கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கல் நட்டிருந்தால் பூ வைக்கிற கை நமக்கு. நங்கை, "மோட்டார் சாமிக்கு வெச்சீங்களா? ஒரு தேங்காயும் ஒடச்சுப்போடுங்க" என்றார். சிரித்தது அவர் மட்டும்.

கிணற்றடியில் மேலத் தெருக்காரி ஒருத்தி, என் காதில் விழவேண்டும் என்றே: "நாள் பாத்துச் சொன்ன மகராசன் ஊடு இதுதானே. நம்ம ஊட்டுக் கண்ணாலத்துக்கும் கேட்டுப்போடலாம்." பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன். இவர்களிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் தெரியும்.

சீரகம், மிளகு வாங்க மறந்தது.

ஆனி 30, ஞாயிறு.

மனு எழுதி, கையெழுத்தும் ரேகையும் வாங்கி, மாமா கொண்டுபோனார். பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து கண்ணால் பார்த்துப் போகவேண்டும் என்பதுதான் சாரம். இவர்கள் கையெழுத்துப் போடும்போது ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

சேவகர் நல்ல மனுஷர். மோர் குடித்துக்கொண்டே பிளானில் இருப்பதைத் தரையில் விரலால் போட்டுக் காட்டினார். கிணறு மூடுவது. இங்கே பஸ் திரும்ப. இங்கே சோடாக் கடை. பாவின் கிழக்கு முளை அடிக்கிற இடத்தில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, கக்கூஸ்.

"பிள்ளையாரு?" என்று கேட்டேன்.

"ஓரமா நகத்திக்கலாம்னு எழுதியிருக்குதுங்கம்மா."

பிறகு அவர் சொன்னது ஒன்றும் ஏறவில்லை. நகர்த்திக்கொள்ளலாம் என்று எழுத ஒரு கை இருந்திருக்கிறது.

ஆடி 1, புதன்.

தேங்காய் சுடுகிற நாள். வருஷாவருஷம் பாவடியில்தான். பிள்ளைகள் குச்சியில் குத்திக் கொண்டுவந்துவிட்டார்கள், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்களும் போனோம். பொட்டுக்கடலை, வெல்லம், அவல், எள், பாசிப்பருப்பு. காற்றுக்குத் தீ நிற்கவில்லை. நம்பர் போட்ட கல்லை அண்டை கொடுத்து அதன் மறைவில் தீ மூட்டினாள் செல்லம்மாள். "இதுக்காவது ஆகுதே."

கல் கரி பிடித்துவிட்டது. நம்பர் தெரியவில்லை. அதிலே ஒரு சந்தோஷம் எல்லோருக்கும், எனக்கும்.

இவர்கள் வெளியே வரவில்லை. சுட்ட தேங்காயைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு கீற்று எடுத்தார்கள். இத்தனை நாளில் நான் கெஞ்சாமல் எடுத்தது அதுதான்.

ஆடி 3, வெள்ளி.

பதில் வந்தது. சேவகர் ஓட்டமாய் வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி. பெரிய அதிகாரி தாமே வருகிறார். மாமா வீட்டு வாசலில் கூட்டம். கடிதத்தைப் படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். படித்துக்கொண்டே வந்தேன், தேதி வந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படித்தேன்.

புதன், ஆடி 8, காலை. நெசவாளர்கள் அனைவரும் ஓய்வாக இருக்கும் நாள் ஆனபடியால்.

ஆடி அமாவாசை.

"எங்க குமாஸ்தா உங்களுக்கோசரம் கேட்டு வாங்கின நாளுங்க" என்றார் சேவகர். "அன்னிக்கு வேலை கெடாது. அல்லாரும் நின்னு பேசலாமில்லீங்க."

கூட்டத்தில் பாதி எழுந்து போய்விட்டது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. மோர் வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

மாமா உடனே ஆபீசுக்கு ஓடினார். நாளை மாற்ற வழியில்லை. மறுநாள் அதிகாரி மலைக்குப் போகிறார், திரும்ப எப்போதோ. வந்தால் அன்று. இல்லாவிட்டால் பழைய ரிப்போர்ட்டே நிற்கும்.

ஆக, மறுபடியும் அமாவாசை. மறுபடியும் வெறும் தரை. அவரும் பார்ப்பார், அவரும் எழுதுவார். கூட்டாமல் விட்டாலும் வெறும் தரைதானே.

பாலைப் பொங்கி வழியவிட்டேன். அடுப்பு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆடி 4, சனி.

பிள்ளையார் முன்னால் கூட்டம். பெண்கள் கிணற்றுப் பக்கம்.

குழந்தைவேலு: "பாவு வேண்டாமுங்க. முளையும் கவட்டையும் மட்டும் நட்டு வெக்கலாம்."

மாமா: "வெறும் முளையைப் பாத்தா மாடு கட்டற எடம்னு எழுதிப்போட்டுப் போவாரு. போனவரு மூணு வரி எழுதினாரு, இவரு நாலு வரி எழுதுவாரு."

ஒருவர்: "அப்ப ஒரு பாவை விரிச்சே காட்டிப்போடறது. ஒரு நாள்தானே."

அப்போது இவர்கள் எழுந்தார்கள். இத்தனை நாளில் சபையில் வாய் திறந்தது இப்போதுதான். "ஏனுங்க, அமாவாசையில நூலைத் தொட்டா அந்த வருசம் பூரா எழை நிக்காது. எங்கப்பன் தொட்டதில்லே. அதும் ஆடி அமாவாசை, அவருக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கிற நாளு. ஒருக்கா நாளைச் சொல்லிக் கெடுத்தது போதும். இன்னொருக்கா நான் தலையாட்ட மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் ஏளனம் செய்யவில்லை. அதுவே பயமாக இருந்தது.

நங்கை இங்கிருந்தே குரல் கொடுத்தார். "எழை அறுந்தா முடி போட்டுக்கலாம் தம்பி. எடம் அறுந்தா எதை வெச்சு முடி போடறது?"

சலசலப்பு. பாதிப்பேர் அப்படி, பாதிப்பேர் இப்படி. கடைசியில் மாமா, "நாம பேசறதுல தீராது. பூக் கேப்போம்" என்றார். சிவப்பு வந்தால் விரிப்பது. வெள்ளை வந்தால் விடுவது.

நான் எந்தப் பக்கம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓர் அமாவாசையும் ராட்டையைக்கூடத் தொட்டதில்லை.

ஆடி 5, ஞாயிறு.

தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு போனேன். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, தனித்தனியே இலையில் மடித்து, குலுக்கி, பிள்ளையார் காலடியில் வைத்தார் பூசாரி. கற்பூரம் மூன்று தடவை அணைந்தது. இரண்டு தெருவும் கைகூப்பி நின்றது. மாமா குனிந்து ஒரு பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டினார்.

காற்று.

ஆடிக்காற்று தெரிந்ததுதான், ஆனால் இப்படி அடித்து நான் பார்த்ததில்லை. புழுதி ஒரு சுழல். இரண்டு பொட்டலமும் எழும்பின. நம்பர்க் கல்லைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, கடைவீதிப் பக்கம். மாமா நீட்டிய கையோடு நிற்கிறார்.

செல்லம்மாள் சாக்கடையோரம் ஒரு இலையைக் கண்டெடுத்து வந்தாள். திறந்து கிடந்தது. உள்ளே எதுவுமில்லை.

"மறுக்கா வைங்க பூசாரி" என்றான் குழந்தைவேலு.

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் கேக்கறதுங்க. இனி அமாவாசை கழிச்சுத்தான் கேக்கலாம்."

அமாவாசை கழித்து எதைக் கேட்பது.

எல்லோரும் கலைந்தார்கள். நான் கொஞ்சநேரம் நின்றேன். பிள்ளையார் எப்போதும்போலத்தான் இருந்தார்.

ஆடி 6, திங்கள்.

மாமா வீடு தேடி வந்தார். உட்காரவில்லை. இவர்களைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னார்: "ஊரு சார்பா விரின்னும் சொல்ல மாட்டேன், விரிக்காதேன்னும் சொல்ல மாட்டேன். வாற முறை ஆரூட்டுதோ அவங்க இஷ்டம். தயாரா இருக்கற பாவும் உங்குளுதுதான்."

வாஸ்தவம். அமாவாசைக்கு மறுநாள் நம் முறை. நூல் சுற்றி, பாவு ஓடி, பச்சைக் கரையோடு மூலையில் மூட்டையாக இருக்கிறது. ஒரு நாள் முன்னால் விரித்தால் அதுதான்.

மாமா போனபின் இவர்கள் பேசுவார்கள் என்று பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்கள்.

இரண்டு தெருவின் சுமையும் நம் வீட்டு மூலையில் மூட்டையாக.

சஷ்டிக்கு வைத்திருந்த வெல்லத்தில் எறும்பு.

ஆடி 7, செவ்வாய்.

பிற்பகல் ரயிலுக்கு ஆண்கள் எல்லோரும் காவேரிக் கரைக்கு. வருஷாவருஷம் போவதுதான், அதிகாரி வருகிறார் என்று விட முடியாது. பள்ளிபாளையத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியலில் முழுகி, அப்பன் பாட்டனுக்கு இறைத்துவிட்டு வருவது. மாமா போகவில்லை. அதிகாரி வரும்போது நிற்க ஒருவர் வேண்டும்.

கட்டிக் கொடுத்தது: எள் ஆழாக்கு, தேங்காய் ஒன்று, மாற்று வேட்டி, கட்டுச்சோறு.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்குப் பொழுதோடதான் வாரேன்" என்றார்கள்.

"ஏனுங்க, அந்தப் பாவு."

தெருவைப் பார்த்தார்கள். குழந்தைவேலு மூட்டையோடு நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வெடியால நான் ஊர்ல இல்லே புள்ளே" என்றார்கள். போய்விட்டார்கள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நின்று யோசித்தேன். பிறகு பின்புறம் மாட்டுக்குப் புல் போடப் போனேன். சாய்ப்பில் செருகி வைத்திருந்த முளைக்கட்டு கீழே இறக்கி, கயிறு அவிழ்த்து, கதவோரம். அதன்மேல் கொட்டாப்புளி. முளை அடிக்கிற அந்தச் சுத்தியை இவர்கள் யாரையும் தொடவிட மாட்டார்கள், ஆணியில்தான் தொங்கும். இறக்கி வைத்து மறந்துவிட்டார்களா. இவர்கள் ஒன்றை மறந்து நான் பார்த்ததில்லை.

நங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவர் கிண்டல் செய்யவில்லை. "எங்கப்பனுக்கும் அவந்தான் மகன், வாய் தொறந்து எப்படிச் சொல்லுவான்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அடுப்படியிலிருந்து கேட்கிறார்: "கஞ்சிக்கு அரிசி ஊறப் போடட்டுமா வேண்டாமா? ஒண்ணு சொல்லு அம்மிணி. நா படுக்கோணும்." செல்லம்மாள் வேறு சுவருக்கு அந்தப் பக்கம், "நீங்க முளை அடிச்சா நாங்களும் வாறோம்" என்கிறாள். அடிக்காவிட்டால் என்ன செய்வாள் என்று சொல்லவில்லை.

பிள்ளையாரப்பா. ஒருநாள் உன் முற்றத்தைக் கூட்டிவைத்தோம், அதற்கு இது. பூவைக் கேட்டோம், காற்றில் விட்டாய். கல் உன் முகத்துக்கு நேரேதான் இருக்கிறது, நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. நூலைத் தொட்டால் பாவம் என்றால் அது என் தலையோடு போகட்டும், இவர்களுக்கும் அவர்கள் அப்பனுக்கும் வேண்டாம். தொடாதே என்றால் அதையும் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கு வைக்க இப்போது வருகிறேன். அரிசி படியில் அளந்து எடுத்து வைத்திருக்கிறேன், தண்ணீர் ஊற்றவில்லை. திரும்பி வந்து ஊற்றினால்தான் விடியலுக்குக் கஞ்சி. சீக்கிரம் பதில் சொல்.